உன் அம்மாவின் பெரியவர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். மனதளவில் ஒருவர் மிக நலம், மற்றவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்து முடித்த கையோடு அம்மாவைக் கூப்பிட்டு அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்காதே, அவளுக்கு எல்லாம் தெரியும். நீ அனுப்பிய முழங்கால் தைலம் வந்து சேர்ந்தது, தடவுகிறேன், வலி குறைந்ததா அல்லது அந்த வாடையில் வலியை மறந்துவிட்டேனா என்று தெரியவில்லை. சமையலறைக் குழாய்க்கு வாஷர் நானே மாற்றினேன். முன்பு சொட்டியது, இப்போது ஒழுகுகிறது. ஆயுள் முழுக்கத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் வீட்டுக் குழாயின் லட்சணத்தைப் பார் என்று மாடி வீட்டுக்காரம்மா சிரித்தாள். தண்ணீரைச் சோதிப்பது வேறு, குழாயைச் சரிசெய்வது வேறு என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அவள் படியேறிப் போய்விட்டாள்.

உன் அம்மா இப்போது மூன்றாம் வருடம். நீ இங்கே வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளுக்காக விண்ணப்பத்தை நிரப்பினாயே, அன்று நான் பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன். அறுபதைத் தொடப் போகிறவளுக்குச் சமூகப்பணியில் இளங்கலைப் பட்டமா, ஒரு மாதத்தில் சலித்துவிடும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்குகள் ஆய்வுக்கூடத்தில் பலித்ததோடு சரி. இப்போது தினமும் காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறாள், நடத்துநர் வாங்க காலேஜ் என்று வரவேற்கிறாராம். அதே பேருந்தில் முப்பது வருடம் வேலைக்குப் போனவன் நான், என்னிடம் எந்த நடத்துநரும் சில்லறை இருக்கா என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதோ கூட்டுப் பாடம் என்று வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்கள். அவளை வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்கிறார்கள். என்னிடம் திரும்பி, தாத்தா, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடறீங்களா என்றார்கள். நீயே சொல், அவள் அக்கா என்றால் நான் அத்தானாக வேண்டும், போகட்டும், மாமா என்றாலாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அவளைவிட எனக்கு ஆறு வயதுதான் மூப்பு. அன்று மாலை இதை அவளிடம் மெதுவாகச் சொன்னேன், உங்க மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்காதீங்க, பத்து வயசு தானா குறையும் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

முதல் வருடம் இவ்வளவு மோசமில்லை. அப்போது எதற்கும் என்னிடம்தான் வருவாள், வீட்டில் படித்தவன் என்ற பட்டம் என்னிடம் இருந்தது. இரக்கத்துக்கும் பரிவுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டாள். நான் அகராதியை எடுத்து, வேர்ச்சொல்லிலிருந்து ஆரம்பித்து, நன்றாகவே விளக்கினேன். மறுநாள் வந்து, நீங்க சொன்னதை அப்படியே எழுதினேன், தப்புன்னு மேடம் அடிச்சுட்டாங்க என்றாள். அதோடு என் பட்டம் போயிற்று. பேச வைத்துப் பழகுவது என்று ஒரு பாடம் உண்டு, அதற்கும் முதலில் என்னைத்தான் உட்கார வைத்தாள். உங்களுக்கு வேலை போயிடுச்சுன்னு வெச்சுக்குங்க, நான் விசாரிக்க வந்திருக்கேன், இப்ப எப்படி இருக்கீங்க என்றாள். பரவாயில்லை என்றேன். வேலை போனதைப் பத்தி என்ன தோணுது என்றாள். போய்விட்டது என்றேன். வீட்டுல என்ன சொல்றாங்க என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஆய்வுக்கூடப் படிவத்தில் நிறம், மணம், கலங்கல் என்று கேட்ட கட்டத்தில் மட்டும் விடை எழுதிப் பழகியவன், எனக்கு வேறு எப்படி வரும். அவள் பேனாவை மூடிவிட்டு, உங்களைப் பேச வைக்கறதுக்குள்ள எனக்கு வேலை போயிடும் என்று சொல்லி மாடி வீட்டுக்காரம்மாவிடம் போய்விட்டாள். அந்த அம்மாள் இரண்டு மணி நேரம் பேசி, அழுது, டீ குடித்து, மறுநாளும் எப்ப வர்றே என்று கேட்டனுப்பினாள்.

இந்த வருடம் களப்பணி. வாரத்தில் செவ்வாயும் வியாழனும் கல்லூரி கிடையாது, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள முதியோர் பகல் மையத்துக்குப் போக வேண்டும். அங்கே இவளுக்கென்று ஒரு பெரியவரை ஒதுக்கியிருக்கிறார்கள். அவரோடு பேசி, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் தன் மனதைத் தானே தெளிவாக்கிக்கொள்ள உதவுவதுதான் இவள் வேலை. யார் என்று கேட்டேன். ஒரு பெரியவர் என்றாள். என்ன பிரச்சினை என்றேன். அதைச் சொல்லக்கூடாது, நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாதுங்கறதுதான் எங்க முதல் பாடம் என்றாள். மகளே, இத்தனை வருடக் குடித்தனத்தில் காய்கறிக்காரியின் மருமகள் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து என் அக்கா வீட்டுக் குளிர்பெட்டி கெட்டது வரைக்கும் என் காதில் போடாத செய்தி ஒன்று கிடையாது. பாதி சமயம் நான் கேட்கக்கூட மாட்டேன், அது வேறு விஷயம். இப்போது செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைக்கிறாள். உள்ளே என்னமோ நிறைந்திருக்கிறது, எனக்கு மூடி போட்டாயிற்று. அந்தப் பெரியவரின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆனால் அவர் என் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்று கேட்டாள். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது, பிறகுதான் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க நான் எத்தனை முறை பலகையை விரித்தேன் தெரியுமா. கொட்டாவி விட்டே என்னை ஜெயித்தவள் அவள். இப்போது குதிரை வேண்டியிருக்கிறது, யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? சொல்லிக்கொடுத்தேன். வேண்டுமென்றே ஒரு விதியைத் தப்பாகச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன், செய்யவில்லை, என்னால் அதுவும் ஆகாது. இன்னொன்று, எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால் உடனே வாயைத் திறக்கக்கூடாது, காத்திருக்க வேண்டும், அப்போதுதான் உண்மையான விஷயம் வெளியே வரும் என்று அவள் புத்தகத்தில் இருக்கிறது. அவள் இல்லாதபோது படித்துப் பார்த்தேன். அன்று சாப்பிடும்போது நானும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். என்ன, மறந்துபோச்சா, வயசானா அப்படித்தான் என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவருக்கு மௌனம், எனக்கு மறதி.

இதற்கு நடுவில்தான் அந்தக் கேள்வி வந்தது. படிப்பு முடிய இரண்டு மாதம் முழுநேரக் களப்பணி செய்ய வேண்டும். இந்த மையத்திலேயே தினமும் போய்ச் செய்யலாம், இல்லாவிட்டால் இரவு ரயிலேறிப் போகும் தூரத்தில் மனநல மருத்துவமனை ஒன்று இருக்கிறது, அங்கே விடுதியில் தங்கிச் செய்யலாம். அங்கே கற்றுக்கொள்வது ஜென்மத்துக்கும் போதும் என்று மேடம் சொன்னாராம். பேருந்து நிறுத்தத்திலிருந்து காய்ப்பையோடு நடந்து வரும்போது, போகவா வேண்டாமா, நீங்க சொல்றதுதான், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் கொடுக்கணும் என்றாள். யோசிக்கிறேன் என்றேன். என் நிலைமையைப் பார். போகாதே என்றால் அந்தப் பெரியவரோடு இரண்டு மாதம் தினமும் சதுரங்கம். போ என்றால் வீட்டில் நானும் ஒழுகும் குழாயும். முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அதுதான்.

அதனால், அந்த மனிதரை ஒரு முறை பார்த்துவிட்டால் முடிவெடுப்பது சுலபம் என்று நினைத்தேன். புதன்கிழமை அம்மாவுக்கு வகுப்பு. சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலை வாரிக்கொண்டு மையத்துக்குப் போனேன். வாசலறையில் நாற்காலிகள், சுவரில் ஒரு பெரிய கடிகாரம், மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண், அவளும் இந்தப் படிப்புதான், முதல் வருடம், பதிவு மேசைக்கு மட்டும் வருகிறவளாம். வாங்க தாத்தா, பதிவு பண்ண வந்தீங்களா என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டாள். குளோரின் கொஞ்சம் கூடுதல், சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள், மனைவி என்றேன். கூட வரலையா என்றாள், வெளியே போயிருக்கிறாள் என்றேன். எப்ப வருவாங்க என்றாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, மூன்று வருடமாக வெளியேதான் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மாறிப்போயிற்று. விட்டுட்டுப் போயிட்டாங்களா தாத்தா என்றாள். அப்படி இல்லையம்மா, அவள் படிக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அப்படி என்னை யாரும் பார்த்துக் காத்திருந்ததில்லை. நான் பேச ஆரம்பித்துவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை, என் மனைவி வேறொருவர் பேச்சைக் கேட்கப் போய்விட்டாள் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. விலாசம் கேட்டாள், உண்மையான விலாசத்தையே கொடுத்தேன். பொய் விலாசம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகு உள்ளே அழைத்துப் போய் ஜன்னலோரம் சதுரங்கப் பலகையோடு உட்கார்ந்திருந்தவரின் எதிரில் விட்டாள். பழைய லாரி ஓட்டுநர், வாட்டசாட்டமான ஆள், ஒரு கண்ணில் பார்வை மங்கல், குரல் மட்டும் ஹாரன் மாதிரி. வாங்க சார், குதிரையைப் பார்த்துக்குங்க, அது வீட்டுக்காரி மாதிரி, நேராப் போறாப்பல போயி சட்டுனு திரும்பிடும் என்று சொல்லிச் சிரித்தார். நான் கேட்காமலே ஆரம்பித்தார். என் பேச்சைக் கேக்கறதுக்குன்னே ஒரு அம்மா வருது சார், செவ்வாயும் வியாழனும், இந்த வயசுல காலேஜ் படிக்குது, இந்த ஆட்டத்தை எனக்காகக் கத்துக்கிட்டு வந்துச்சு, சுமாராத்தான் ஆடும், ஆனா கேக்கும் பாருங்க, நீங்க சொல்லாததைக்கூடக் கேக்கும். நான் தலையாட்டினேன். அதோட வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர் சார், நமக்கு வாரத்துக்கு ரெண்டு நாளு, அவருக்கு ராப்பகலா அந்தக் காது, நெனச்சா வயிறு எரியுது என்றார். நான் யானையைக் கொண்டுபோய் அவர் சிப்பாய் வெட்டும் கட்டத்தில் வைத்தேன். அவர் அதை வெட்டிக்கொண்டே, அதுவும் போகப் போகுது சார், தூரத்துல ஏதோ ஆஸ்பத்திரிக்கு, போனாலும் போவேன், மனசைத் தயார் பண்ணிக்குங்கன்னு போன மாசமே சொல்லிடுச்சு, நான்கூட ரெண்டு நாள் பேசலை, திட்டினேன், அப்புறம் சரின்னுட்டேன் என்றார். போன மாதம். என்னிடம் காய்ப்பையோடு கேட்டது போன வாரம். அதற்கு மேல் எனக்குப் பலகையே தெரியவில்லை. அவர் ஜெயித்தார்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வியாழன், மாலையில் அழைப்பு மணி அடித்தது. சாவி அவளிடம் உண்டு, ஆகவே வேறு யாரோ என்று கதவைத் திறந்தேன். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு உன் அம்மா நிற்கிறாள். வணக்கம் பெரியவரே, பகல் மையத்துலேர்ந்து உங்களை வீட்டுல பார்த்துட்டுப் போக வந்திருக்கோம், மனைவி உங்களை விட்டுட்டுப் போயி மூணு வருஷம் ஆச்சாமே என்றாள். எனக்கு உள்ளே போவதா வெளியே ஓடுவதா என்று தெரியவில்லை. நடந்தது இதுதான். வியாழக்கிழமைதோறும் புதிதாக வந்தவர்களைப் பற்றி எல்லோரும் சேர்ந்து பேசுவார்களாம். அந்தக் கண்ணாடிப் பெண் எழுந்து, கைவிடப்பட்ட ஒரு முதியவர், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர், மனைவி வேறொருவரைத் தேடிப் போய்விட்டாள், லாரிக்காரரோடு சதுரங்கம் ஆட உட்கார வைத்தேன், சரியாகச் சாப்பிடுகிறாரா என்று உடனே வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கண் கலங்கச் சொல்லி விலாசத்தைப் படித்திருக்கிறாள். அந்தத் தெரு அக்கா வீட்டுக்குப் பக்கம், அக்காவே போகட்டும் என்று யாரோ சொன்னார்களாம். உன் அம்மா எழுந்து, அது என் வீடு, ஓடிப்போன மனைவி நான்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள்.

சிரித்தாள் என்று நினைக்காதே. உள்ளே வந்து உட்கார்ந்தவள் பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. என் பெரியவரோட நீங்க போய் உட்கார்ந்து விளையாடலாமா, அவர் என்னை நம்பிச் சொன்னதெல்லாம் இப்ப நம்ம வீட்டு விஷயமாயிடுச்சு, மேடத்துகிட்ட சொல்லிட்டேன், சொல்லாம இருக்க முடியாது, இனிமே ஒரே ஒரு முறை பார்த்து விடைபெறத்தான் அனுமதி என்றாள். அவருக்கு இன்னும் சில செவ்வாய், வியாழன் மீதி இருந்தன. அதை நான் பறித்துவிட்டேன். அது புரிந்தும், மகளே, நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு ஒரு மாதம் முன்பே சொன்னாயே, எனக்கு ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டேன். எனக்கே குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். அவர்கிட்ட சொல்லலாம், அழுவார், திட்டுவார், அப்புறம் சரியாயிடுவார், உங்ககிட்ட சொன்னா உடனே சரி போன்னு சொல்லிடுவீங்க, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா உம்முன்னு இருப்பீங்க, அதை நினைச்சுத்தான் வாய் வரலை என்றாள்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் என் வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. யார் மேல என்றாள். வரிசையாகவே சொன்னேன், அந்த லாரிக்காரர் மேல், அக்கா என்கிற பிள்ளைகள் மேல், நடத்துநர் மேல், மாடி வீட்டுக்காரம்மா மேல், என்னை அடித்துத் திருத்திய மேடம் மேல். அவ்வளவுதானா என்றாள். உன் மேல் என்றேன். இத்தனை படித்தும் ஒரு மனிதன் எதிரில் உட்கார்ந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டு அதற்குப் பதில் வாங்கத் தெரியாமல் கிழவனாகிவிட்டேன், நீ மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டாய், இன்னும் தூரம் போனால் இன்னும் கற்றுக்கொள்வாய், அது எனக்கு எரிகிறது என்றேன். அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு, இதைக் கேக்கறதுக்கு நான் டிகிரி படிக்க வேண்டியதாப் போச்சு என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பேருந்துக்குக் கிளம்பும்போது, போ, பேரைக் கொடு என்றேன். ஆனால் நான் உம்மென்று இருப்பேன், நீ திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் இருப்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன் என்றேன். இப்படிச் சொல்லிட்டு உம்முன்னு இருந்தா இருந்துட்டுப் போங்க என்றாள். பெயர் கொடுத்தாயிற்று, வருகிற ஞாயிறு ரயில். நேற்று அந்தப் பெரியவரிடம் விடைபெற்று வந்தாள், வந்து ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் அன்று பாட்டு இல்லை. அவரைப் போய்ப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பொறாமை தீர்ந்துவிட்டதா என்று நீ கேட்டால், தீரவில்லை. இப்போது அந்த மருத்துவமனையில் யாரெல்லாம் அவளுக்காகக் காத்திருக்கிறார்களோ என்று ஆரம்பித்திருக்கிறது.

உன் படிப்பைப் பாதியில் விட்டதாக நீ சொல்லிக்கொண்டிருப்பாயே, அதைத் தொடர்வதானால் இப்போதே தொடரு, மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடு, கடைசி வாரத்தில் சொல்லாதே. குட்டிக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள், வடிகட்டி இருக்கிறது என்று அசட்டையாக இருக்க வேண்டாம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடுவது அம்மாவின் எண்ணுக்கு, எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியில் அப்பாகிட்ட குடும்மா என்பாய், நான் அங்கே மழையா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்த இரண்டு மாதமும் என் எண்ணுக்குக் கூப்பிடு. நான் முதலில் மழையைப் பற்றித்தான் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடாதே, கொஞ்சம் பொறுத்திரு, நான் விஷயத்துக்கு வருவேன்.

உன் பேச்சுக்குக் காத்திருக்கும்,
அப்பா